0.04-ல் நழுவிய பர்ஸ்ட் கிளாஸ்

கேள்வி: அக்கா, நான் பெங்களூரு அல்சூர். 2018-ல் வி.டி.யு. (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) கல்லூரி ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் சேர்ந்தேன், இப்போதுதான் எட்டாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தது. எல்லா செமஸ்டரும் சேர்த்த கிரேடு சராசரி, அதாவது சி.ஜி.பி.ஏ., பத்துக்கு 6.71. பர்ஸ்ட் கிளாஸுக்கு 6.75 வேண்டும். பதற்றத்தில் அப்பாவிடம் "பர்ஸ்ட் கிளாஸ்பா" என்று சொல்லிவிட்டேன். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவர், அன்று சாயங்காலமே ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து எங்கள் சந்து முழுக்கக் கொடுத்துவிட்டார். சதவீதக் கணக்கில் 59.6 வருகிறது, ரெஸ்யூமில் அதை 60 என்று போட்டுக்கொள்ளலாமா? ரீவேல்யுவேஷனுக்கு (விடைத்தாளை மறுபடி திருத்த) பணம் கட்டட்டுமா? சோறு இறங்கவில்லை அக்கா.
- பெயர் வேண்டாம், அல்சூர்

பதில்: 60 என்று போடாதே. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நான் எட்டு வருஷம் ஒரு கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவில் இருந்தவள். 59.8-ஐ 60 ஆக்கிக்கொண்டு வந்த பையன் ஒருவன், வேலையில் படு கெட்டி, மூன்றாம் மாதம் சர்டிபிகேட் சரிபார்ப்பில் மாட்டினான். ஐ.டி. கார்டைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டு அதன் கயிற்றை மட்டும் சட்டைப் பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு போனான், அந்தக் கயிற்றை எதற்கு எடுத்துப் போனான் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அதைவிட, உனக்கு அந்தப் பொய்யே பல இடங்களில் தேவைப்படாது. உங்கள் 2018 பாடத்திட்டத்தில் சி.ஜி.பி.ஏ.விலிருந்து 0.75-ஐக் கழித்துப் பத்தால் பெருக்கினால்தான் சதவீதம், அப்படித்தான் 6.71 உனக்கு 59.6 ஆனது. ஆனால் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் என்ன கேட்கிறார்கள் என்று நிதானமாகப் படி. "60 சதவீதம் அல்லது 6.0 சி.ஜி.பி.ஏ." என்று போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த "அல்லது" உனக்காகவே போட்டதுபோல இருக்கிறது, 6.71 என்று மார்க்ஷீட்டில் உள்ளபடியே எழுது. சில இடங்களில் சதவீதம் மட்டும்தான் கேட்பார்கள், தசமத்தை ஏற்றிப் போடக் கூடாது என்றும் எழுதியிருப்பார்கள். அங்கே உனக்கு வழி இல்லை, விட்டுவிடு. பத்தாவது, பி.யு.சி. (நம்ம பிளஸ் டூ), டிகிரி மூன்றிலும் 60 கேட்கிறவர்களும் உண்டு.

ரீவேல்யுவேஷனைப் பற்றிக் கேட்டாய். பேப்பரும் பேனாவும் எடு. ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடைதான் கிரெடிட், ஒரு கிரேடு ஏறினால் கிரெடிட்டுக்கு ஒரு புள்ளி கூடும். மொத்தம் 175 கிரெடிட், 0.04 குறைகிறது என்றால் கிட்டத்தட்ட 7 புள்ளி. கடைசி செமஸ்டரில் எழுத்துத் தேர்வு இரண்டே இரண்டு, ஒவ்வொன்றும் 3 கிரெடிட். இரண்டிலும் ஒவ்வொரு கிரேடு ஏறினாலும் 6 புள்ளிதான், 6.74-ல் போய் நிற்பாய் (எனக்கே எரிச்சலாக இருக்கிறது, உனக்கு எப்படி இருக்கும்!). ஒன்றில் இரண்டு கிரேடும் இன்னொன்றில் ஒரு கிரேடும் ஏறினால்தான் கதை நடக்கும். புராஜெக்ட் மார்க்கைத் திருத்தித் தர மாட்டார்கள். அதனால் விடைத்தாள் நகலை மட்டும் முதலில் வாங்கி, பாடம் எடுத்தவரிடம் காட்டு. அடுத்த கிரேடுக்கு இரண்டு மூன்று மார்க்தான் குறைகிறது, கூட்டலில் தப்பு இருக்கிறது என்று அவர் சொன்னால் பணம் கட்டு, இல்லாவிட்டால் வேண்டாம். கடைசித் தேதி சீக்கிரம் போய்விடும், பார்த்துக்கொள்.

மற்றபடி சிவில் சர்வீஸுக்கும் ஐ.பி.பி.எஸ். வங்கி ஆபீசர் தேர்வுக்கும் டிகிரி இருந்தால் போதும், கிளாஸ் யாரும் கேட்பதில்லை. கேட் (CAT) எழுதி எம்.பி.ஏ. போக நினைத்தால் பொதுப் பிரிவுக்கே 50 சதவீதம்தான். கேட் என்றால் எம்.டெக்.குக்கான கேட்டும் (GATE) உண்டே, அதை எழுதத் தடை இல்லை, ஆனால் அந்த மதிப்பெண்ணை வைத்து ஆளெடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் பல 60, 65 கேட்கும், அந்தக் கதவு உனக்குக் கொஞ்சம் ஒடுக்கம்தான். மறைக்க மாட்டேன்.

அப்புறம் அப்பா. சோறு இறங்காததற்குக் காரணம் 6.71 இல்லை என்று உனக்கே தெரியும். ராத்திரி கடை அடைத்துவிட்டு வந்து அவர் கை கால் கழுவி உட்காரட்டும். "பதற்றத்தில் பொய் சொல்லிட்டேன்பா, செகண்ட் கிளாஸ்தான், 0.04 குறையுது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடு, நடுவில் பேப்பர் கஷ்டம், திருத்தினவர் மோசம் என்று எதையும் நுழைக்காதே. கல்லாவில் நாலு ரூபாய் குறைந்தால் எத்தனை தடவை கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தெரிந்த மனுஷன் அவர், 0.04 என்றால் என்ன என்று நீ விளக்கவே வேண்டாம். கொஞ்ச நேரம் கத்துவார். இரண்டு நாள் பேச மாட்டார். சந்துக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டாரானால், ஒன்றும் சொல்ல வேண்டாம், மைசூர்பாகைத் தின்று முடித்துவிட்டார்கள், யாரும் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கப் போவதில்லை.