பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பள்ளி விட்டு வந்ததும் வீடியோ கேமில் உட்கார்ந்துவிடுகிறான். என் கணவர், ‘அதைத் தொடவே விடக்கூடாது, மூளை கெட்டுவிடும்’ என்கிறார். என் தம்பியோ, ‘விடுங்கள் அக்கா, நானும் விளையாடித்தானே வளர்ந்தேன்’ என்கிறான். நிறுத்தச் சொன்னால் ‘ஐந்தே நிமிடம்’ என்பான் மகன். அந்த ஐந்து நிமிடம் முடிவதே இல்லை. நானே அணைத்துவிட்டால் அழுகையும் ஆத்திரமும்தான் மிச்சம். அனுமதிக்கலாமா, கூடாதா?

பதில்: அனுமதிக்கலாம், ஆனால் அவன் விளையாடுவது எந்த விளையாட்டு என்பதை நீங்கள் தெரிந்துகொண்ட பிறகு. உங்கள் கடிதத்தில் கணவரின் கருத்தும் தம்பியின் கருத்தும் இருக்கின்றன. அந்த விளையாட்டின் பெயர் மட்டும் இல்லை. இத்தகைய கடிதங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கின்றன.

முதலில் அந்த ஐந்து நிமிடத்தைப் பார்ப்போம். பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நினைத்த இடத்தில் நிறுத்திவைக்க முடியாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் அது முடியும்வரை இருந்தாக வேண்டும்; நடுவில் விலகினால் அணி தோற்கும், சில விளையாட்டுகளில் விலகியவருக்குத் தண்டனையாக அடுத்த ஆட்டத்தில் சேர அனுமதி தாமதமாகும். நீங்கள் மின்சுவிட்சை அணைப்பது, மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பவனைக் கையைப் பிடித்து வெளியே இழுப்பதற்குச் சமம். ஆகவே ‘அரை மணி நேரம்’ என்று சொல்வதை விட்டுவிட்டு, ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று அவனிடமே கேளுங்கள்; ‘இன்று இரண்டு ஆட்டம்’ என்று தொடங்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். தனியாக ஆடும் விளையாட்டாக இருந்தால், எந்த இடத்தில் சேமித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்பதை அவன் காட்டுவான். இப்படிச் செய்தும் அழுகை தொடர்ந்தால், அது வேறு பேச்சு.

‘மூளை கெட்டுவிடும்’ என்ற அச்சத்துக்கு ஆய்வுகள் அவ்வளவாக இடம் கொடுக்கவில்லை. 2003இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் கிரீன், பவேலியர் ஆகிய இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, வேகமான அதிரடி விளையாட்டுகளை ஆடுபவர்களுக்குக் கண்ணால் பலவற்றையும் ஒரே சமயத்தில் கவனிக்கும் திறன் கூடியிருப்பதைக் கண்டது. இதைக் காட்டி, கேம் ஆடினால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று உங்கள் தம்பி வாதாடினால் நம்பிவிடாதீர்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. உங்கள் கணவர் கவலைப்பட வேண்டியது தூக்கத்தைப் பற்றித்தான். இரவில் கருவி பிள்ளையின் படுக்கையறையில் இருக்கக்கூடாது என்பதில் மட்டும் எந்த விட்டுக்கொடுத்தலும் வேண்டாம்.

எல்லா விளையாட்டுகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க இயலாது. ‘மைன்கிராஃப்ட்’ ஆடும் பிள்ளை கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவான். அடுத்த கட்டமாக ‘ரெட்ஸ்டோன்’ என்னும் பொருளைக் கொண்டு, தானே திறக்கும் கதவையும் விளக்குகளையும் அமைத்து, மின்சுற்று எப்படி வேலை செய்கிறது என்பதை ஏறக்குறைய தானாகவே கண்டுபிடிப்பான். வேறு சில விளையாட்டுகளோ, தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று பிள்ளையை இழுத்துப் பிடிக்கவே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் விளையாட்டு இலவசம். உள்ளே விற்கப்படும் உடைகளும் ஆயுதங்களும் இலவசமல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே பணம் கொடுத்துத் திறக்கும் ‘லூட் பாக்ஸ்’ பெட்டிகளைச் சூதாட்டம் என்றே கருதி, பெல்ஜிய நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018இல் நடவடிக்கை எடுத்தது.

இதில் பிள்ளையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 52 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. பொத்தான்கள் குழப்பமாக அமைக்கப்பட்டிருந்ததால், ஒரு பொருளை வெறுமனே பார்க்க நினைத்தவரும், உறக்க நிலையிலிருந்த விளையாட்டை எழுப்ப முயன்றவரும்கூட ஒரே அழுத்தலில் வாங்கிவிட நேர்ந்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அறிமுகமில்லாதவர்களுடன் பேசும் வசதி சிறுவர்களுக்கும் முன்கூட்டியே திறந்துவைக்கப்பட்டிருந்தது என்பது இன்னொன்று. ஆகவே வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி கருவியில் அமைத்துவிடுங்கள். உங்கள் அட்டை விவரங்களைப் பிள்ளையின் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள். குரல் உரையாடலைத் தெரிந்த நண்பர்களோடு நிறுத்துங்கள். இவற்றைச் செய்து முடித்தபின் ஒரு நாள் மாலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். நீங்கள் தோற்பீர்கள், அவன் உங்களுக்குக் கற்றுக்கொடுப்பான், கேட்காமலேயே பல செய்திகள் வெளிவரும்.

கேள்வி: என் 14 வயது மகன் துப்பாக்கியால் சுடும் விளையாட்டுகளையே விரும்புகிறான். நாளை நிஜத்திலும் வன்முறையில் இறங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அந்த அளவுக்குப் பயப்பட ஆதாரம் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானத்தில், வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டு நடத்தைகளுக்கும் சிறிய அளவில் தொடர்பு உண்டு என்றும், கொடிய வன்முறைக்கு அவையே காரணம் என்று கூறப் போதிய சான்று இல்லை என்றும் தெளிவுபடுத்தியது. அதற்காக எல்லாச் சுடும் விளையாட்டும் 14 வயதுக்கு ஏற்றது என்று பொருளில்லை. ஐரோப்பாவில் 2003 முதல் வழங்கப்படும் ‘பெகி’ தரக்குறியீடு 3, 7, 12, 16, 18 என்று வயதைக் குறிக்கிறது. அந்த எண், விளையாட்டு எவ்வளவு கடினம் என்பதையன்று, அதன் உள்ளடக்கம் எந்த வயதுக்குத் தகும் என்பதையே சொல்கிறது. 18 என்று போட்டிருப்பதை ‘என் பிள்ளை கெட்டிக்காரன்’ என்று வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதைக் கவனிப்பதில்லை. தவிர, ஆட்டத்தின் நடுவே மற்ற ஆட்டக்காரர்கள் பேசும் பேச்சு எந்தக் குறியீட்டிலும் அடங்காது. திரையில் சிந்தும் இரத்தத்தைவிட அந்தப் பேச்சே பிள்ளையின் வாயில் விரைவாக ஒட்டிக்கொள்ளும் என்பது என் கருத்து.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை அழும்போது கைப்பேசியில் விளையாட்டைப் போட்டுக் கொடுக்கிறோம். தவறா?

பதில்: நிறுத்திவிடுங்கள். இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது.

கேள்வி: விளையாட்டு, அடிமைத்தனமாக மாறிவிட்டது என்பதை எப்படி அறிவது?

பதில்: நேரத்தை மட்டும் எண்ணி இதை முடிவு செய்ய முடியாது. விடுமுறையில் நான்கு மணி நேரம் ஆடிவிட்டு நண்பன் அழைத்ததும் ஓடிவிடும் பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ‘கேமிங் டிசார்டர்’ (விளையாட்டுக் கோளாறு) இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்தல், பாதிப்பு ஏற்படுவது தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, படிப்பையோ உறவுகளையோ கடுமையாகக் குலைத்து, பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்தால்தான் அந்தப் பெயரைச் சூட்டுவார்கள். அதற்காகப் பன்னிரண்டு மாதம் காத்திருக்கச் சொல்லவில்லை; முன்பு விரும்பியவற்றையெல்லாம் விட்டு, தூக்கமும் கெட்டு, பள்ளிக்கும் போக மறுத்தால், உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். பள்ளியில் யாரேனும் துன்புறுத்துவதாலோ மனச்சோர்வாலோகூடப் பிள்ளை திரைக்குள் ஒளிந்துகொள்வதுண்டு. மருத்துவரிடம் போகும்போது அவன் எந்த விளையாட்டை ஆடுகிறான், யாரோடு ஆடுகிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்பவற்றை ஒரு வாரத்துக்குக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். ‘எந்நேரமும் அதிலேயே கிடக்கிறான்’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு மருத்துவரால் எதையும் முடிவு செய்ய இயலாது.