சி.இ. சான்றிதழை யார் தருவார்கள்?

கேள்வி: ஐயா, வணக்கம். தட்டாஞ்சாவடியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்து, சுடுமண் கூட்டுக்குள் எல்.இ.டி. பொருத்தி மேசை விளக்குகள் செய்கிறோம். பிரான்சில் கடை வைத்திருக்கும் ஒருவர் புதுச்சேரிக்கு வந்தபோது பார்த்துவிட்டு 300 விளக்கு கேட்டிருக்கிறார், ஆனால் சி.இ. சான்றிதழ் இல்லாமல் எடுக்க முடியாதாம். ஓர் ஏஜென்ட், விளக்கின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், பத்தாயிரம் ரூபாய்க்கு மூன்றே நாளில் சான்றிதழ் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: வேண்டாம் அம்மா. விளக்கைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் தரும் காகிதத்தை நம்பி 300 விளக்கைக் கப்பலேற்றாதீர்கள். சி.இ. என்பது, பொருள் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களின்படி இருக்கிறது என்று காட்டும் முத்திரை. உங்கள் விளக்கு மாதிரியான பொருளுக்கு சி.இ. சான்றிதழ் என்று எந்த ஐரோப்பிய அரசு அலுவலகமும் தருவதில்லை. தயாரிப்பவர்தான், அதாவது நீங்கள்தான், பொருளைச் சோதித்துப் பார்த்து, இது இன்னின்ன சட்டங்களின்படி இருக்கிறது என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரையைப் பதிக்க வேண்டும். பல மருத்துவக் கருவிகள் போன்றவற்றுக்குத்தான் ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த அமைப்பு இடையில் வர வேண்டும், அப்போது முத்திரைக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். நாளைக்கு ஒரு விளக்கு யாருக்காவது ஷாக் அடித்தால் பிரெஞ்சு அதிகாரிகள் உங்களையும், இறக்குமதி செய்த கடைக்காரரையும்தான் கேட்பார்கள். அவர்கள் கேட்பது சர்க்யூட் படம், பாகங்களின் பட்டியல், டெஸ்ட் ரிப்போர்ட், என்னென்ன ஆபத்து வரலாம் என்று யோசித்து எழுதிய குறிப்பு எல்லாம் அடங்கிய ஃபைல். அதைப் பொருள் சந்தைக்குப் போனதிலிருந்து 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க் காகிதத்தில் இது எதுவும் இருக்காது.

சரி, என்ன செய்வது? முதலில் விளக்குக்குள் 230 வோல்ட் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் குறைமின்னழுத்தச் சட்டம் (2014/35) முழுதாக உங்கள் தலையில் விழும். இன்சுலேஷன், வயர் பிடிப்பு, சூடு என்று விளக்குகளுக்கான இ.என். 60598 என்ற ஐரோப்பியத் தரப்படி எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக 12 வோல்ட் டி.சி. அடாப்டருக்கு மாறிவிடுங்கள். அந்தச் சட்டம் டி.சி.யில் 75 வோல்ட்டுக்கு மேல்தான் தொடங்குகிறது, அதனால் அந்தச் சுமை அடாப்டரோடு நின்றுவிடும். அடாப்டரை நல்ல கம்பெனியிடம், ஐரோப்பிய பின்னோடு, அதன் உறுதிமொழிப் பத்திரத்தையும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் தர மறுக்கும் கடையில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இதனால் விளக்கின் பாதுகாப்புக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது, 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ள பொதுப் பொருள் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும்.

அடுத்தது மின்காந்த இடையூறு, அதாவது ஈ.எம்.சி. (2014/30). எல்.இ.டி.யை மங்கலாக்கும் டிம்மர் சர்க்யூட் இருந்தால் அது பக்கத்து ரேடியோவில் இரைச்சல் போடும், நீளமான வயர் ஆன்டெனா போல வேலை செய்யும். சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் மையத்தில் ஈ.எம்.சி. சோதனை வசதி இருக்கிறது, என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களுக்கான இந்திய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற தனியார் லேப்களும் உண்டு. 300 விளக்கையும் செய்து முடித்துவிட்டுப் போகாதீர்கள், ஒரே ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு முன்சோதனைக்குப் போங்கள். தவறினால் அந்தக் கட்டத்தில் ஒரு ஃபெரைட் வளையமோ கெபாசிட்டரோ போட்டுச் சரிசெய்துவிடலாம்.

நம் பட்டறைகளில் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது சால்டர் கம்பியை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 60/40 கம்பியில் 40 சதவீதம் காரீயம். மின்பொருள்களில் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ரோஹ்ஸ் சட்டம் (2011/65) அனுமதிப்பது எடையில் 0.1 சதவீதம். அதுவும் மொத்த விளக்கின் எடையில் பார்க்க மாட்டார்கள், பற்றவைத்த அந்தத் துளியில்தான் பார்ப்பார்கள். அதனால் காரீயமில்லாத கம்பிக்கு மாறியே ஆக வேண்டும். சாதாரணக் கம்பி 190 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும், காரீயமில்லாதது 217 டிகிரிக்கு மேல் கேட்கும், சால்டர் அயர்னின் சூட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய கம்பிக்குப் பயன்படுத்திய முனையையே இதற்கும் வைத்தால் காரீயம் ஒட்டிக்கொண்டு வரும், தனி முனை, முடிந்தால் தனி மேசை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எல்.இ.டி.யைச் சுடுமண்ணோடு பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். 2021 செப்டம்பரிலிருந்து ஒளிமூலத்தைக் கூட்டை உடைக்காமல் கழற்ற முடிய வேண்டும் என்பது விதி.

சி.இ. எழுத்துகளின் உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உங்கள் பெயர், முகவரி, மாடல் எண், குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம், இறக்குமதியாளரின் முகவரி எல்லாம் வேண்டும். பயன்படுத்தும் முறையைப் பிரெஞ்சில் தர வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே அச்சடிக்காமல் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இறால் பண்ணைக் குளத்தின் வெப்பநிலையையும் ஆக்சிஜன் அளவையும் செல்போனுக்கு அனுப்பும் கருவி செய்திருக்கிறோம். உள்ளே இருக்கும் வைஃபை மாட்யூல் ஏற்கெனவே சி.இ., எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் அனுமதி) இரண்டும் பெற்றது. ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்ப அது போதுமா?
(வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: போதாது, ஆனால் பாதி வேலை குறையும். மாட்யூலின் ரேடியோ டெஸ்ட் ரிப்போர்ட்டை உங்கள் ஃபைலில் வைக்கலாம், ஆன்டெனாவை மாற்றாமல் அந்தக் கம்பெனி சொன்னபடியே பொருத்தியிருந்தால். மாற்றியிருந்தால் ரேடியோ சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டி வரும். ஐரோப்பாவில் வைஃபை உள்ள பொருள் முழுவதும் ரேடியோ கருவிச் சட்டத்தின் (2014/53) கீழ் வந்துவிடுகிறது. அதில் பாதுகாப்புக்கு வோல்ட் வரம்பே கிடையாது, 5 வோல்ட் கருவியும் சோதனைக்கு உட்பட்டதே. 2025 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தோடு பேசும் கருவிகளுக்கு சைபர் பாதுகாப்பும் கட்டாயமாகிவிட்டது. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டு அனுப்பும் பழக்கத்தை இன்றே விடுங்கள். இ.என். 18031 தரத்தை இப்போதே வாங்கிப் படித்துவிட்டு மென்பொருளை எழுதுங்கள். பாஸ்வேர்டே வைக்காமல் பயன்படுத்த வழி விட்டிருந்தால், நீங்களே உறுதிமொழி கொடுத்து முடிக்கும் பாதை அடைபடும், ஐரோப்பிய அமைப்பின் சான்றுக்குப் போக வேண்டியதுதான்.

அமெரிக்காவுக்கு, உள்ளே இருக்கும் மாட்யூலின் எஃப்.சி.சி. எண்ணைக் கருவியின் மேல் எழுதினால் ரேடியோ பகுதி பெரும்பாலும் முடிந்தது. மீதி சர்க்யூட்டின் இரைச்சலைச் சோதித்து நீங்களே உறுதிமொழி தரலாம். அதற்கு அமெரிக்காவில் முகவரி உள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்த ஆளை முதலில் பிடியுங்கள், நம்மவர்கள் பலருக்கு அங்கேதான் வேலை நிற்கிறது.

கேள்வி: எங்கள் அடாப்டருக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு இருக்கிறது. ஐரோப்பாவுக்குத் திரும்பவும் சோதிக்க வேண்டுமா?
(வாசகர், சேதராப்பட்டு)

பதில்: பி.ஐ.எஸ். பதிவு இந்தியச் சந்தைக்கு மட்டும்தான். இந்திய, ஐரோப்பியத் தரங்கள் இரண்டுக்கும் அடிப்படை ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் தரம் என்பதால் பொருளை அதிகம் மாற்ற வேண்டியிருக்காது. அடுத்த மாடலைச் சோதனைக்குக் கொடுக்கும்போது, ஐரோப்பிய வேறுபாடுகளையும் சேர்த்து சி.பி. (ஒரு நாட்டுச் சோதனையை மற்ற நாடுகளும் ஏற்கும் சர்வதேசத் திட்டம்) ரிப்போர்ட்டாகத் தரும் லேபாகப் பார்த்துக் கொடுங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அந்தத் திட்டத்தில் இருக்கின்றன, நாட்டுக்கு நாடு தனித்தனியாகச் சோதனைக்குப் பணம் கட்டுவது பெருமளவு குறையும்.