அரசிகளைப் பற்றி ரீச்சரிடம் கேட்டவை

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நீண்ட காலம் வரலாறு படிப்பித்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். ஆட்சி செய்த பெண்களைப் பற்றிக் கேட்பவர்கள் கேட்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. எனக்குப் பிடித்ததற்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: "முதல் பெண்" என்று எழுதுமுன் எதில் முதல், எங்கே முதல், தெரிவானவரா நியமிக்கப்பட்டவரா என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த வசனத்தை அடித்துவிடுங்கள்.

கல்லடி, உயர்தர மாணவி: ரீச்சர், மண்முனையை ஆண்ட உலகநாச்சி உண்மையில் வாழ்ந்தவரா? எந்த ஆண்டு என்று எழுதுவது?

ஆண்டு எழுதாதே மகள். அதுதான் முதல் பதில்.

கதை இது. கலிங்கத்து அரசன் மகள் உலகநாச்சி, புத்தரின் தந்தத்தைக் கூந்தலுக்குள் மறைத்துக்கொண்டு தம்பியோடு இலங்கைக்கு வருகிறாள். அதை அனுராதபுர அரசன் மேகவண்ணனிடம் சேர்த்து, கைம்மாறாகக் குடியேற நிலம் கேட்கிறாள். மட்டக்களப்பு அரசன் மண்முனையைக் கொடுக்கிறான். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் தோற்றத்தையும் அவள் காலத்தோடு சேர்த்தே சொல்வார்கள். இதைச் சொல்வது மட்டக்களப்பு மான்மியம். பழைய ஏட்டுப் பிரதிகளைச் சேர்த்து எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் அச்சிட்டார்.

இனிப் பௌத்த மரபைப் பார். அங்கேயும் கலிங்கத்து இளவரசி, அங்கேயும் கூந்தலுக்குள் தந்தம், அரசனும் அதே மேகவண்ணன்தான். அவள் பெயர் ஹேமமாலா, கூட வருபவன் கணவன் தந்தகுமாரன். இரண்டு கதையும் ஒரே கிணற்றுத் தண்ணீர் என்பது என் எண்ணம். ஆனால் நம் கதையில் ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஹேமமாலா தந்தத்தைக் கொடுத்ததோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது. உலகநாச்சி நிலம் கேட்டு வாங்கி, குடிகளை இருத்தி, ஆளவும் செய்கிறாள். இந்த மண்ணில் கதை சொன்னவர்களுக்கு, காணியை ஒரு பெண்ணின் கையில் கொடுப்பது இயல்பாகத் தோன்றியிருக்கிறது. பரீட்சையில் "மரபு கூறுகிறது" என்று தொடங்கு. 2014இல் பாலம் திறக்குமுன் மண்முனைத் துறையில் பாதையில், அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவையில், ஏறி அக்கரை போன காலத்தில், என் பக்கத்தில் இருந்த கிழவி இந்தக் கதையைத் தன் சொந்தப் பெரியம்மாவைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். அந்த நெருக்கத்துக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அதை வைத்து ஆண்டு குறிக்க முடியாது.

செங்கலடி: உலகின் முதல் பெண் பிரதமர் யார்?

சிறிமாவோ பண்டாரநாயக்க, 1960 ஜூலை 21. அப்போது அவர் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் அல்ல, செனட் சபையில் இருந்துகொண்டு ஆட்சி நடத்தியவர். இதை யாரும் எழுதுவதில்லை.

காத்தான்குடி: ரீச்சர், முஸ்லிம் பெண்கள் ஆட்சி செய்ததே இல்லை என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சரியா?

அந்தக் காணொளியைப் பார்த்த நேரத்துக்கு ஒரு தேநீர் குடித்திருக்கலாம் தம்பி. டில்லியில் ரஸியா, 1236 முதல் 1240 வரை. எகிப்தில் ஷஜருத் துர், 1250இல். சுமாத்திராவின் ஆச்சேயில் 1641 முதல் 1699 வரை ஒருவர் பின் ஒருவராக நான்கு சுல்தானாக்கள்.

நமக்கு மிக அருகில் மாலைதீவு. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா அங்கே போனபோது ஆட்சியில் இருந்தவர் கதீஜா என்ற பெண். இதை வியப்போடு எழுதி வைத்த அவர், அங்கேயே காழியாகவும், அதாவது நீதிபதியாகவும், இருந்துவிட்டுத்தான் இலங்கைக்கு வந்தார்.

ஆனால் காத்தான்குடிக்காரர் கவனிக்கவேண்டியது கண்ணூரின் அறக்கல் குடும்பம். மலபாரில் ஆட்சி செய்த முஸ்லிம் வம்சம் அது. தாய்வழியில் மூத்தவர் ஆணோ பெண்ணோ, அவரே தலைவர். பெண் என்றால் அறக்கல் பீவி. இலட்சத்தீவுகள் பல அவர்கள் கையில் இருந்தன. உங்கள் ஊரிலும் குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழியில்தானே வருகிறது? அங்கேயும் இங்கேயும் வீடு பெண்ணுக்கு. இந்த ஒற்றுமையைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை எழுதலாம். எழுதினால் எனக்கும் அனுப்புங்கள்.

பொத்துவில்: விகாரமகாதேவி படகில் வந்து கரையொதுங்கியது எங்கள் ஊரா, கிரிந்தவா?

இரண்டு ஊரும் உரிமை கொண்டாடுகின்றன. மகாவம்சத்தில் களனி அரசன் தீசனின் மகள் கடலில் விடப்பட்டு, மாகமைப் பக்கம் ஒதுங்கி, அங்கே அரசனான காவன்தீசனுக்கு மனைவியாகிறாள். துட்டகைமுனுவின் தாய் அவளே. உங்கள் கடற்கரையில் முகுது மகாவிகாரை இருப்பது உண்மை. அதை வைத்துக் காணிச் சண்டைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள். எனக்குச் சுவையானது வேறு: நம் கிழக்குக் கரை மரபுக் கதையில் வரும் அரசி ஆடகசவுந்தரியும் குழந்தையாகப் பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டவள், பின்பு கோணேசர் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் அரசன் குளக்கோட்டனுக்கு மனைவியாகிறாள். கிழக்குக் கரைக்கு இளவரசிகள் எல்லாரும் கடல்வழியாகவே வந்து சேர்கிறார்கள்.

ஏறாவூர்: உலகின் முதல் பெண் ஜனாதிபதி சந்திரிகாதானே?

இல்லை. 1974இல் ஆர்ஜன்ரீனாவில் இசபெல் பெரோன், கணவர் இறந்ததால் பதவிக்கு வந்தார். மக்கள் வாக்கால் முதலில் வந்தவர் 1980இல் ஐஸ்லாந்தின் விக்டிஸ். சந்திரிகா 1994இல், இலங்கைக்கு முதல். எதில் முதல், எங்கே முதல் என்று மேலே சொன்னேனே.

வாழைச்சேனை: அரசிகள் எல்லாரும் அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி. மட்டக்களப்புக்கும் அவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

இதுதான் நான் காத்திருந்த கேள்வி. மட்டக்களப்புக் கோட்டைக்குப் போயிருப்பீர்கள். அடுத்த முறை அங்கே ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்: குசுமாசன தேவி, போர்த்துக்கேயர் வைத்த பெயர் தொன கத்தரீனா.

கண்டி அரசன் கரலியத்த பண்டாரவின் மகள். சிறுவயதிலேயே போர்த்துக்கேயர் கைக்குப் போய் மன்னாரில் வளர்ந்தாள். கண்டிச் சிம்மாசனத்துக்குப் பிறப்புரிமை அவளுக்கு இருந்ததால், 1594இல் அவளை முன்னே நிறுத்திப் படையோடு கண்டிக்குப் போனார்கள். தந்துரையில் அந்தப் படை அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் அவளை மணந்தான், அதன் பிறகே அவன் சிம்மாசனம் உறுதியானது. 1604இல் அவன் இறந்தான். அடுத்துச் சிம்மாசனம் ஏறிய செனரத்தும் அவளையே மணந்தான். இரண்டு அரசர்களுக்கும் முத்திரை குத்தியது அவள் இரத்தம். அவளிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று எந்த ஏடும் சொல்லவில்லை. 1613இல் இறந்துபோனாள்.

மட்டக்களப்பு எங்கே வருகிறது? 1602 மே மாத முடிவில் ஒல்லாந்த மாலுமி ஸ்பில்பேர்கன் நம் கடலில் நங்கூரம் போட்டான். இங்கிருந்து கண்டிக்குப் போனவனுக்கு அரசன் தன் மனைவியையும் பிள்ளைகளையும் காட்டினான். ஒல்லாந்தர் கோட்டை கட்ட வந்தால் நானும் அரசியும் பிள்ளைகளும் கல்லும் சாந்தும் தோளில் சுமப்போம் என்று அரசன் சொன்னதாக அந்தப் பயணக் குறிப்பு சொல்கிறது. அரசியையும் சேர்த்தே வாக்குக் கொடுத்தான்! பிறகு 1628இல் புளியந்தீவில் கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். பத்தாண்டு கழித்து, 1638 மே மாதத்தில், ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டோடு சேர்ந்து அதைப் பிடித்தவன் இரண்டாம் இராஜசிங்கன். செனரத்துக்கும் கத்தரீனாவுக்கும் பிறந்த மகன். மே 23ஆம் திகதி இருவரும் மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம் செய்தார்கள். தாயைப் பகடையாக வைத்து ஆடியவர்களின் கோட்டையை மகன் பிடித்தான். அதன் பிறகு கோட்டை ஒல்லாந்தர் கையில் தங்கியது வேறு கதை.

ஓட்டமாவடி: உலகின் முதல் பெண் பிரதமர் யார் ரீச்சர்?

மேலே.

அம்பாறை: எங்கள் மாவட்டத்துப் பக்கம் பெண் அரசி யாரும் இல்லையா?

சுகலா. 12ஆம் நூற்றாண்டில், இலங்கையின் தெற்கும் தென்கிழக்குமான உரோகணத்தில், அதை ஆண்ட மாணாபரணனின் தாய். மகன் இறந்த பின்னும் முதலாம் பராக்கிரமபாகுவுக்குப் பணியாமல், புத்தரின் தந்தத்தையும் பிட்சா பாத்திரத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டு போராடி, கடைசியில் பிடிபட்டாள். அதே பராக்கிரமபாகுவின் மனைவி லீலாவதி, அவன் காலத்துக்குப் பிறகு 1197 முதல் 1212 வரைக்குள் மூன்று முறை அரியணை ஏறினாள், மூன்று முறையும் இறக்கப்பட்டாள். தன் பெயரில் காசும் அடித்தாள். பாடப்புத்தகம் பராக்கிரமபாகுவின் குளத்துக்கு எத்தனை பக்கம், இந்த இருவருக்கும் எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள்.

கிரான்: அனுராதபுரத்தை ஆண்ட அரசி அனுலா கணவர்களுக்கு நஞ்சு வைத்தவள் என்கிறார்களே?

மகாவம்சம் அப்படித்தான் சொல்கிறது. அண்ணனைக் கொன்று அரசனானவர்களுக்கு அந்த நூலில் கிடைக்கும் மரியாதையையும் சேர்த்து வாசியுங்கள்.

களுவாஞ்சிகுடி: ரீச்சர், நீங்கள் வெளியூர் அரசிகளையே பேசுகிறீர்கள். மட்டக்களப்பே பெண்கள் ஆண்ட நாடு. தாய்வழிக் குடி, பெண்ணுக்கு வீடு, பெண்ணுக்கு வளவு. இதைவிட என்ன வேண்டும்?

வம்சம் பெண் வழியாக வருவது வேறு தம்பி, பெண் ஆள்வது வேறு. நம் ஊரில் குடி தாயிடமிருந்து வருகிறது, உண்மை. ஆனால் கோயிலில் அந்தக் குடியின் சார்பில் வண்ணக்கராக, அதாவது கோயில் நிர்வாகப் பொறுப்பாளராக, நிற்பவர் யார்? மட்டக்களப்பில் வழங்கிய பழைய முக்குவர் சட்டத்தில் முதுசச் சொத்து மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போனது. இரண்டு முனையிலும் ஆண். நடுவில் பெண் ஒரு துறை, இரண்டு கரைக்கும் பாதை அதன் வழியே ஓடியது. அந்தச் சட்டத்தையும் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒதுக்கிவிட்டது.

களுவாஞ்சிகுடி, அதே தம்பி: அப்படியானால் திருவிதாங்கூர்? அங்கேயும் மருமக்கள் வழிதானே, அரசிகள் ஆண்டார்களே?

நல்ல அடி. கௌரி லட்சுமி பாய் 1810இல், தங்கை பார்வதி பாய் 1815 முதல் 1829 வரை, சேது லட்சுமி பாய் 1924 முதல் 1931 வரை. மூவரும் திறமைசாலிகள். ஆனால் கௌரி லட்சுமி பாய்க்கு ஆண் குழந்தை பிறந்தவுடன் அவரே மகனுக்காக ஆளும் பொறுப்பாளர் ஆனார். தங்கையும் அந்தக் குழந்தைக்காகத்தான் ஆண்டார். அதே துறை, அதே பாதை.

அக்கரைப்பற்று: ரீச்சர் சொல்வதை நான் ஏற்கவில்லை. என் வாப்பா, உம்மாவின் வீட்டில் இருந்தவர். சண்டை வந்தால் வெளியே போகவேண்டியவர் அவர்தான். அது ஆட்சி இல்லையா?

அது அதிகாரம், மறுக்கவில்லை. ஆட்சி என்று நான் சொல்வது வாசலுக்கு வெளியே இருப்பது: சபை, கோயில், பள்ளிவாசல், கச்சேரி என்ற அரச அலுவலகம்.

திருக்கோவில், ஒரு அக்கா: வாசலுக்கு உள்ளே இருப்பதை லேசாகச் சொல்லாதீர்கள் ரீச்சர். யாழ்ப்பாணத்துக்கு மணமாகிப் போன என் ஒன்றுவிட்ட தங்கை, புருஷன் குடித்துவிட்டு வந்தபோது போக இடமின்றி நின்றாள். அவள் சீதனம் காசாகப் போய்க் கரைந்திருந்தது. எனக்கு அதே நிலை வந்தபோது, வீடு என் பெயரில் இருந்தது. கதவைச் சாத்தினேன்.

அக்கா, இதற்கு மேல் நான் வாதிடவில்லை. "நடுவில் பெண் ஒரு துறை" என்று எழுதியதை அரைவாசி மீளப் பெறுகிறேன். துறைக்குச் சொந்தக்காரி பாதையை நிறுத்தவும் முடியும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வண்ணக்கர் கேள்வியை மட்டும் விடமாட்டேன்.

களுவாஞ்சிகுடி, அதே தம்பி: அப்படியானால் நான் வென்றேன்.

அந்த அக்கா வென்றார். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

காரைதீவு: கண்ணகி அரசியா?

இல்லை. அரசனிடம் நியாயம் கேட்டவள். மேலே கேட்கவேண்டியதை வைகாசியில் கண்ணகி கோயில் குளிர்த்திச் சடங்கில் பூசகர் கட்டாடியாரிடம் கேளுங்கள், எனக்கு அந்தத் தகுதி இல்லை.

கல்முனை: கிழக்கிலிருந்து பாராளுமன்றம் போன பெண்கள் யார்?

பொத்துவில் தொகுதியில் ரங்கநாயகி பத்மநாதன், சகோதரர் கனகரத்தினம் 1980இல் இறந்த பின் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டார். பேரியல் அஷ்ரப், 2000 செப்டெம்பரில் கணவர் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார், அடுத்த மாதமே திகாமடுல்லையில் (அம்பாறைத் தேர்தல் மாவட்டம்) வென்று அமைச்சரானார். சிறிமாவோவையும் சேர்த்துப் பாருங்கள், அவருடைய கணவர் 1959இல் கொல்லப்பட்டார். சந்திரிகாவின் கணவர் 1988இல். தங்கள் திறமையால் நின்றார்கள், ஆனால் கதவு திறந்தது மரணச் செய்தியோடு. 2024இல் ஹரிணி அமரசூரிய பிரதமரானபோது அந்த வரிசையில் முதன்முறையாக எந்தப் படத்துக்கும் மாலை போடவேண்டியிருக்கவில்லை. உள்ளூராட்சியில் 2018 தேர்தலிலிருந்து 25 வீத ஒதுக்கீடு இருக்கிறது. வேட்பாளர் பட்டியலில் பெயர் கொடுக்க "யாருடைய மனைவி" என்று கேட்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

வந்தாறுமூலை: இலங்கையின் கடைசி அரசி ரெங்கம்மாளா?

அவர் கண்டியின் கடைசி அரசனின் தேவி. இலங்கையின் கடைசி அரசி இரண்டாம் எலிசபெத், 1972 மே 22 வரை. அதாவது சிறிமாவோவின் காலத்தில் சில ஆண்டுகள் அரசியும் பெண், பிரதமரும் பெண்.

பட்டிருப்பு: முதல் பெண் பிரதமர் சிறிமாவோ என்பது சரியா? 800 சொல்லில் கட்டுரையாகத் தருவீர்களா? நாளை ஒப்படைக்கவேண்டும்.

சரி. தரமாட்டேன்.

களுதாவளை: எங்கள் குடி எல்லாருக்கும் தெரியும். ஆனால் அம்மம்மாவின் அம்மாவுக்கு மேலே ஒரு பெண்ணின் பெயரும் வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கே தேடுவது?

வயிற்றுவார் என்ற குடிக்கிளை பெண் வழியாக வருகிறது, நினைவில் நிற்கும் பெயர்கள் மாமன்மாருடையவை. என் வீட்டிலும் அப்படித்தான். சீதன உறுதிகளை, அதாவது சீதனக் காணிப் பத்திரங்களை, தேடுங்கள் மகள். வளவு கைமாறிய ஒவ்வொரு முறையும் கொடுத்தவள் பெயரும் பெற்றவள் பெயரும் எழுதியிருக்கவேண்டும். வீட்டில் ஒரு பழைய உறுதி கிடைத்தால் அதன் இலக்கத்தை வைத்துக் காணிப் பதிவகத்தில் பின்னோக்கிப் போகலாம். காலையில் வேளைக்கே போங்கள், பத்து மணிக்குப் பிறகு வரிசை வாசல் வரை வந்துவிடும். உறுதியில் கைநாட்டு இருந்தால் பக்கத்தில் யார் பெயரை எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். என் பூட்டியின் பெருவிரல் அடையாளத்துக்குப் பக்கத்தில் "பொன்னி" என்று இருந்தது. எழுபது வயதில்தான் அந்தப் பெயர் எனக்குத் தெரிந்தது.