விசாரிக்க வந்தா என்ன சொல்றது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க தெரு பையனுக்கு பொண்ணு பாத்திருக்காங்க. பொண்ணு வீட்டுக்காரங்க அக்கம்பக்கத்துல விசாரிக்க வர்றாங்களாம். அவன் குடிப்பான்னு எனக்கு தெரியும். சொன்னா புறம் பேசுன பாவம், சொல்லலன்னா மனசு உறுத்தும். என்ன பண்றது சார்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: சொல்லுங்கம்மா. அவங்க பொண்ணோட வாழ்க்கை, தேடி வந்து கேக்குறாங்க, இது புறம் பேசுறதுல சேராது. ஒருத்தரோட நன்மைக்காக நல்லெண்ணத்தோட எச்சரிக்கிறது அவதூறு ஆகாதுன்னு சட்டத்துலயே விதிவிலக்கு இருக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 499லயும் இருந்துச்சு, அதுக்கு பதிலா 2024 ஜூலையில இருந்து அமல்ல இருக்குற பாரதிய நியாய சன்ஹிதா 356லயும் இருக்கு. ஆனா அதே பிரிவுல இன்னொன்னும் இருக்கு, "உண்மையத்தானே சொன்னேன்"னா மட்டும் தப்பிக்க முடியாது, அது வெளிய வர்றது பொது நன்மைக்குன்னும் காட்டணும். அதனால கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க. ராத்திரி தள்ளாடிக்கிட்டு வந்து கேட்டை தொறக்க முடியாம நின்னத பாத்தீங்கன்னா அத சொல்லுங்க, வேலைய விட்டு தூக்கிட்டாங்களாம், வேற ஒரு பொண்ணோட பழக்கமாம்னு காதுல விழுந்ததெல்லாம் வேணாம். அவங்க போனப்புறம் எதிர் வீட்டு அக்காவ கூப்பிட்டு "இப்படி கேட்டாங்க, நானும் சொல்லிட்டேன்"னு ஆரம்பிச்சா, அதுதான் நீங்க பயப்படுற பாவம்.

கேள்வி: நடிகர் நடிகை கிசுகிசு படிக்கிறவங்க மேல என்ன தப்பு? எழுதுறவன்தானே பொறுப்பு? (வாசகர், ஈரோடு)

பதில்: வாங்குறதுக்கு ஆள் இல்லன்னா அவன் எதுக்கு எழுதுறான்? 1940கள்ல சென்னையில லட்சுமிகாந்தன் நடத்துன சினிமா தூது, அதுக்கப்புறம் இந்து நேசன், ரெண்டும் இந்த சரக்க வச்சுத்தான் ஓடுச்சு, ஜனங்க காசு குடுத்து வாங்குனாங்க, பேர் வந்துடுமோன்னு பயந்த சினிமாக்காரங்க வராம இருக்க காசு குடுத்தாங்க. 1944 நவம்பர்ல வேப்பேரியில லட்சுமிகாந்தன கத்தியால குத்துனாங்க, மறுநாள் செத்துப்போயிட்டாரு. எவ்வளவு மோசமா எழுதியிருந்தாலும் அது அநியாயம்தான். அந்த கேஸ்ல நடிகர்கள் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை வாங்கி, அப்ப கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் ப்ரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947ல நிரபராதின்னு வெளிய வந்தாங்க. கலைவாணர் எழுந்துட்டாரு, பாகவதருக்கு பழைய மார்க்கெட் திரும்பவே இல்ல, 1959ல 49 வயசுலயே போயிட்டாரு. இன்னைக்கும் "கொலை கேஸ்ல உள்ள இருந்தவர்"னு சொல்றவங்கள்ல எத்தனை பேர் விடுதலையான கதையையும் சேத்து சொல்றாங்க? எனக்கு இது ரொம்ப வருத்தம். அப்ப பத்திரிகை, இப்ப யூடியூப், காசு வர்றது நீங்க பாக்குறதாலதான், தம்ப்நெயில பாத்ததும் தாண்டி போயிடுங்க.