வாசகர் கேள்வி–பதில்: பூட்டினேனா, இல்லையா?

கேள்வி: சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குத் தினமும் பேருந்தில் வேலைக்குச் செல்கிறேன். தெருமுனை வருவதற்குள் ‘கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா’ என்ற எண்ணம் பிடித்துக்கொள்கிறது. திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். பேருந்தில் ஏறினால் மகளின் தேர்வு, மாமியாரின் சர்க்கரை நோய், அலுவலகக் கணக்கு என்று கவலைகள் வரிசைகட்டுகின்றன. கண்ணை மூடி மூச்சைக் கவனித்து, நிகழ்காலத்தில் இருக்கப் பழகும்படி தோழி சொல்கிறாள். அப்படி உட்கார்ந்தால் படபடப்பு கூடுகிறது. எனக்கு இது ஒத்துவராதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

பதில்: ஒத்துவரும், சகோதரி, தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பதற்றத்தின் நடுவே மூச்சை உற்றுக் கவனிக்கும்போது, ‘மூச்சு சரியாக வருகிறதா’ என்பதே சிலருக்குப் புதிய கவலையாகிவிடுகிறது. இது உங்கள் குறையன்று. கண்களைத் திறந்தே வைத்துக்கொண்டு, கவனத்தை உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ, சுற்றிக் கேட்கும் ஓசையிலோ நிறுத்துங்கள்.

பூட்டிலிருந்தே தொடங்கலாம். கை பூட்டிக்கொண்டிருக்கும்போது மனம் பேருந்து நிறுத்தத்திற்குப் போய்விடுவதால், பூட்டிய செயல் நினைவில் சரியாகப் பதிவதில்லை. தெருமுனையில் எழும் சந்தேகத்திற்கு அதுவும் ஒரு காரணம். திரும்பத் திரும்பச் சரிபார்த்தால் நம் நினைவின் மீது நமக்குள்ள நம்பிக்கை குறையவே செய்கிறது என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆகவே நாளைக் காலை சாவியைத் திருப்பும்போது விரலில் ஏறும் அழுத்தம், பூட்டு விழும் ஓசை, இழுத்துப் பார்க்கையில் அது அசையாமல் நிற்பது ஆகிய மூன்றையும் அவசரமின்றி ஒரே ஒரு முறை கவனித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். தெருமுனையில் ‘திரும்பிப் போ’ என்ற உந்துதல் வரத்தான் செய்யும். அதனோடு வாதம் செய்யாமலும் அதற்குப் பணியாமலும் நடந்தால், அது சிறிது நேரம் உச்சத்தில் நின்று தானாகவே தணிவதை நீங்களே காண்பீர்கள்.

பேருந்தில் மனம் ஓடும்போது, ‘இது மகளின் தேர்வைப் பற்றிய கவலை’ என்று மனதுக்குள் பெயரிட்டுவிட்டு, கம்பியைப் பிடித்திருக்கும் கைக்கோ, பாலாற்றுப் பாலத்தில் சன்னல் வழியாக முகத்தில் படும் காற்றுக்கோ கவனத்தைத் திருப்புங்கள். மனம் மறுபடியும் ஓடும், மறுபடியும் திருப்புங்கள். ஓடியதைக் கண்டுகொண்டு திரும்புவதுதான் பயிற்சி என்பதால், எத்தனை முறை ஓடினாலும் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். ‘எதையும் நினைக்காதே’ என்று கற்பிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நினைவை நிறுத்த முயன்றவர்கள் சோர்ந்துபோவதைத்தான் பார்த்திருக்கிறேன். மாமியாரின் சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பதும் நிகழ்காலத்தில் செய்யக்கூடிய செயலே.

இம்முறைக்குப் பௌத்தத் தியான மரபே வேர். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபாட்–ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இதைச் சில வாரப் பயிற்சியாக வகுத்தபோது, நாள்பட்ட வலியால் துன்புற்றவர்களும் அதில் சேர்ந்தார்கள். வலியை விரட்டுவதைவிட, வலியோடு நமக்குள்ள உறவை மாற்றுவதே அங்கு நோக்கமாக இருந்தது. பதற்றத்திற்கும் அதுவே பொருந்தும் என்பதால், நான்கு நாளில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

படபடப்பு மிகும் நேரத்தில் மூச்சை ஆராயாமல், வெளிவிடும் மூச்சை மட்டும் உள்ளிழுப்பதைவிடச் சற்று நீளமாக்குங்கள். மூச்சை வெளிவிடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயலால் இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது.

ஒருமுறை மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இரத்தசோகை, அளவுக்கு மீறிய காபி ஆகியவையும் படபடப்பை உண்டாக்கும். சரிபார்ப்பதிலேயே நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கழிந்தாலோ, பதற்றம் மாதக்கணக்கில் நீடித்துத் தூக்கத்தைக் கெடுத்தாலோ, மனநல மருத்துவரின் உதவி தேவை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உங்களுக்கு அருகிலேயே உள்ளன. 14416 என்ற அரசின் இலவச மனநல ஆலோசனைத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

கேள்வி: பதற்றத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்பயிற்சியைத் தொடங்கினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது, ஐயா. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை போன்ற தொல்லைகள் வரலாம். பழைய பதற்றமும் திரும்பலாம். சில வகை மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரக்கூடும். மாத்திரையும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் சேர்த்தே தொடருங்கள். நலம் தெரியும்போது மருத்துவரிடம் சொன்னால், அளவைப் படிப்படியாகக் குறைக்கலாமா என்பதை அவர் முடிவு செய்வார்.