பேப் ரூத் படமும் பின்பக்க முத்திரையும்

கேள்வி: நியூஜெர்சியில் ஒரு பழம்பொருள் விற்பனையில், அமெரிக்க பேஸ்பால் வீரர் பேப் ரூத் மட்டையைச் சுழற்றும் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். பின்பக்கத்தில் 'ஆக்மி நியூஸ்பிக்சர்ஸ்' முத்திரை, 1948 ஆகஸ்ட் 17 என்ற தேதி முத்திரை, ஒட்டிய தாளில் டைப் அடித்த குறிப்பு. '1927 ஒரிஜினல்' என்று 900 டாலர் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு இப்போது வேண்டாம். படம் 1927இல் எடுத்ததாகவே இருக்கலாம். ஆனால் விலையைத் தீர்மானிப்பது, அந்தத் தாளில் பிரிண்ட் எப்போது போட்டார்கள் என்பதுதான்.

சேகரிப்புப் பொருட்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் பிஎஸ்ஏ நிறுவனம் பழைய படங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. மூல நெகட்டிவிலிருந்து, படம் எடுத்த சுமார் 2 ஆண்டுக்குள் போட்ட பிரிண்ட் டைப் 1. அதே நெகட்டிவிலிருந்து பிற்பாடு போட்டது டைப் 2. நகல் நெகட்டிவிலிருந்தோ, கம்பிவழி (தந்தி, தொலைபேசிக் கம்பியில் அனுப்பிய படம்) வந்தோ போட்டவை டைப் 3, 4. முதல் இரண்டுக்கும் இடையிலேயே விலை வித்தியாசம் பெரிது.

இனி உங்கள் முத்திரைகள். ஆக்மி 1923இல் தொடங்கி, 1952இல் யுனைடெட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தின் கைக்குப் போன, பத்திரிகைகளுக்குப் படம் அனுப்பும் நிறுவனம். ஆகவே அந்த முத்திரை 1927க்கும் பொருந்தும், 1948க்கும் பொருந்தும். தேதி முத்திரைதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. ரூத் இறந்தது 1948 ஆகஸ்ட் 16 இரவு. மறுநாள் எல்லாப் பத்திரிகைக்கும் அவர் படம் வேண்டியிருந்தது. பத்திரிகை தன் கோப்பில் கிடந்த பழைய பிரிண்டையே எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் உங்களுக்கு யோகம். அஞ்சலிச் செய்திக்காக ஆக்மி புதிதாகப் போட்டு அனுப்பியதென்றால் அது டைப் 2தான், அதைவிடக் கீழாகவும் இருக்கலாம்.

ஒட்டிய குறிப்பைப் படியுங்கள். 'காலமான' என்ற தொனி இருந்தால் 1948 பிரிண்ட் என்றே வைத்துக்கொள்ளலாம். இருபதுகளின் ஆட்டம் ஒன்றை நேற்று நடந்ததுபோல் எழுதியிருந்தாலோ, இன்னொரு பழைய தேதி முத்திரை மங்கலாகத் தெரிந்தாலோ நம்பிக்கை கூடும். முன்பக்கத்தில் நுண்ணிய கோடுகள் ஓடினால் கம்பிவழி வந்த படம். புறஊதா விளக்கில் தாள் பளீரென நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் 1950களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய தாள், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஒளிராவிட்டால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது; 1948 தாளும் ஒளிராது.

விற்பவர் 'முத்திரை இருக்கிறதே' என்பார். எல்லா முத்திரைக்கும் ஒரே மதிப்பு கிடையாது. பேஸ்பால் வீரர் டை காப் 1910இல் மூன்றாம் பேஸுக்குள் சறுக்கிப் பாயும் படத்தை எடுத்த சார்லஸ் கான்லன் போன்ற தனி ஆளின் முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் விலை ஏறும். ஜார்ஜ் பெயின் நடத்தியது செய்திப்பட ஏஜென்சி. அந்த முத்திரை இருப்பதால் படத்தை அவரே எடுத்தார் என்று ஆகாது. சிகாகோவின் புகைப்படக்காரர் ஜார்ஜ் பர்க் எடுத்தவற்றை அவர் உதவியாளர் ஜார்ஜ் பிரேஸ் பல ஆண்டுகள் கழித்தும் பிரிண்ட் போட்டு விற்றார். அங்கே யார் முத்திரை என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

சரி, பேரம் எப்படி? பெரிய ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளில், இதே வகை ரூத் படங்கள் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். கேட்கும் விலை எதற்கும் உதவாது. 900 கொடுப்பதானால், சான்றிதழில் டைப் 1 என்று வந்தால்தான் விற்பனை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் டைப் 2 விலைக்குப் பேசுங்கள். எது எப்படியோ, பின்னால் ஒட்டிய தாளைப் பிய்க்கவோ முத்திரையைத் துடைக்கவோ யாரையும் விடாதீர்கள்.