போட்டி டெண்டரில் நடக்கட்டும்

கேள்வி: உள்ளூர் பஸ்களின் வழித்தடம், நேரம், கட்டணம் எல்லாவற்றையும் அரசு ஏன் பிடித்து வைத்திருக்க வேண்டும்? தனியாரைத் தாராளமாக ஓட்டவிட்டால் போட்டியில் கட்டணம் குறையும், சேவையும் பெருகும் அல்லவா?

பதில்: நீங்கள் சொல்வதை ஒரு நாடே செய்து பார்த்துவிட்டது. பிரிட்டனில் 1985-ம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டப்படி, 1986 அக்டோபர் 26 முதல், லண்டனும் வட அயர்லாந்தும் நீங்கலாக மற்ற இடங்களில் பஸ் சேவை சந்தையின் கைக்குப் போனது. அன்றைய விதிப்படி, உரிமம் உள்ள நிறுவனம் 42 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும், எந்தத் தடத்திலும் பஸ் விடலாம். வேண்டாமென்றால் அதேபோல நிறுத்தியும் விடலாம்.

கூட்டம் ஏறும் தடங்களில் பஸ்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடின. வருமானம் இல்லாத இரவு நடைகளும் கிராமத்து நடைகளும் உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தன. முன்பு நிறைந்து ஓடும் தடத்தின் வசூல்தான் ஆளில்லாத கடைசி பஸ்ஸுக்கு டீசல் போட்டது. அந்த ஏற்பாடே அறுந்தது. ஒரு கம்பெனியின் டிக்கெட் இன்னொன்றில் பெரும்பாலும் செல்லவில்லை. பஸ்கள் ஓடிய தூரம் முதலில் கூடியது உண்மை. ஆனால் கட்டணம் ஏறியது, பயணிகள் குறைந்தார்கள். பெரிய கம்பெனிகள் சிறியவற்றை வாங்கிப்போட்டதும் பல ஊர்களில் நீங்கள் நம்பும் அந்தப் போட்டியும் இல்லாமல் போயிற்று.

கார் பெருகியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் லண்டனில் பஸ் பயணிகள் பெருகினார்களே! அங்கும் பஸ் ஓட்டுவது தனியார் கம்பெனிகள்தான். தடம், நேரம், கட்டணத்தைப் பொது ஆணையம் முடிவு செய்கிறது. ஓட்டும் உரிமைக்குக் கம்பெனிகள் டெண்டரில் போட்டியிடுகின்றன.

இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டர் பகுதி 2023 செப்டம்பரில் இந்த முறைக்கு மாறத் தொடங்கி, 2025 ஜனவரியில் முடித்தது. அதற்கு 2017-ல் ஒரு புதுச் சட்டம் வர வேண்டியிருந்தது. கம்பெனிகள் தொடுத்த வழக்கையும் வெல்ல வேண்டியிருந்தது. ஒரே நாளில் கைவிட்டதை மீட்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்!

அரசின் கையில் இருந்தாலே எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நான் சொல்லவில்லை. லண்டன் ஒப்பந்தத்தில், கம்பெனியின் தவறால் ஓடாமல் போன தூரத்துக்குப் பணம் கிடையாது. நேரம் தவறினாலும் பிடித்தம் உண்டு. உங்கள் ஊர் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அதைச் சேர்க்கச் சொல்லிப் போராடுங்கள், நானும் வருகிறேன்.